எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முன் யாரும் எனக்குச் சொல்லாதவை

27,400 ரூபாய். மூன்றரை வயது மகளை 2025 ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்த்து, செப்டம்பரில் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் என் கையை விட்டுப் போன தொகை இது. கடற்பாசி எடுக்கப் போகாமல் நின்ற நாட்களின் வருமானத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வயிறு எரியும். மண்டபத்துக்கும் வேதாளைக்கும் இடைப்பட்ட கரையில் எங்கள் வீடு. கணவர் விசைப்படகுத் தொழிலாளி. ஆண்டில் பாதி நாள் கொச்சிப் பக்கத்துப் படகுகளில்தான் இருப்பார். மாமியாரும் நானும் கடற்பாசி எடுக்கப் போவோம், மற்ற நாட்களில் கருவாடு காய வைப்போம். தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் கிடையாது. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. இந்தக் கரையில் அடுத்த ஏப்ரலில் இதே படியேறப்போகும் அம்மாக்களுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பால்வாடி தெருமுனையிலேயே இருந்தது. ஆனாலும் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னது, “பிள்ளை இங்கிலீஷ் படிக்க வேண்டாமா, நம்மைப் போலக் கடலில் முங்கவா போகிறாள்?” என்பதுதான். எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பிளஸ் டூ வரை படித்தும் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் எரிச்சலை அனுபவித்தவள் நான். ராமேசுவரம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரி பள்ளி. பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பள்ளிக்கு மட்டும் உரிய குணமில்லை இது, பெயர் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும்.

முதலில் இலவச இடத்துக்குத்தான் முயன்றேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது என்றாலும், பள்ளியில் எல்.கே.ஜி. இருந்தால் தொடக்க வகுப்பான அதிலிருந்தே 25 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். ஜூலை 31 அன்று 3 வயது நிரம்பியிருக்க வேண்டும். இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். இதில் இரண்டு வழிகள் உள்ளன என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. ‘நலிவடைந்த பிரிவினர்’ என்று போனால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று வருமானச் சான்று வேண்டும். ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ என்று போனால் சாதிச் சான்றே போதும். ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குத் தனிப் பிரிவு உண்டு. சாதிச் சான்று என் கையில் இருந்தது. ஆனால் கணினி மையத்தில் இருந்தவர் வருமானச் சான்று இல்லாமல் தொடவே முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். கணவர் கேரளாவில், சம்பளச் சீட்டு கிடையாது, பங்குக் காசுக்கு எந்த ரசீதும் கிடையாது. அந்தச் சான்றுக்காக வருவாய் அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடந்த நேரத்துக்கு இரண்டு மூட்டைப் பாசி எடுத்திருக்கலாம். மையத்துக்காரர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தந்த ஆண்டு வெளிவரும் அரசு அறிவிப்பை அச்செடுத்துத் தரச் சொல்லி வரி வரியாகப் படியுங்கள், அது தமிழில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். பெயரில்லாத சான்றை வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் அலைந்த பெண்களை அங்கே பார்த்தேன்.

இன்னொன்று. எங்கள் கரையில் பழைய, பெயரெடுத்த பள்ளிகளில் பல, தேவாலயமோ முஸ்லிம் அறக்கட்டளையோ நடத்துபவை. அப்படி ஒரு பள்ளியில் “எங்களிடம் இலவச ஒதுக்கீடு கிடையாது” என்று சொன்னபோது, ஏழை என்று விரட்டுகிறார்கள் என நினைத்து வாசலிலேயே சண்டை போட்டேன். சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் பாரம் எங்களைப் போன்ற ஊர்களில் எப்படி விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பதே இரண்டு மூன்று பள்ளிகள். அவற்றில் சிறுபான்மைப் பள்ளிகள் போக மிச்சம் ஒன்று, சில குப்பங்களில் அதுவும் இல்லை. சென்னையில் ஒரு தெருவில் கிடைக்கும் உரிமை கடற்கரைக் குப்பத்தில் காகிதத்தில்தான் இருக்கிறது.

வழக்கமாக ஏப்ரல் 20 வாக்கில் இணையதளம் திறக்கும் என்றார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கையில் காசு வற்றியிருக்கும் நேரத்தில்தான் பள்ளிச் சேர்க்கையும் வருகிறது. 2025 ஏப்ரலில் அந்த இணையதளம் திறக்கவேயில்லை. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே கல்வி நிதித் தகராறு, வழக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. பள்ளியிலோ, “ஜூன் முதல் தேதிக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்” என்றார்கள். காதுத் தோட்டைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தேன். சேர்க்கைக்கு 8,000, முதல் பருவத்துக்கு 6,500, புத்தகம், சீருடை, காலணி எல்லாமாக 4,200. சாலையைக் கடக்க ஆட்டோவுக்குத் தனியாக. சேர்க்கைப் பணத்துக்குக் கொடுத்த சீட்டில் பள்ளியின் முத்திரை இல்லை, ‘நன்கொடை’ என்று மட்டும் எழுதியிருந்தது. இது சேர்க்கைக் கட்டணம்தானே என்று கேட்டதற்கு, “எல்லோருக்கும் இப்படித்தான்” என்று பதில் வந்தது. தனியார் பள்ளிகள் எவ்வளவு வாங்கலாம் என்பதை நிர்ணயிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது, 2009இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் பள்ளிக்கு எல்.கே.ஜி.க்கு எவ்வளவு என்று தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தொகைக்கும் அதன் பெயர் எழுதிய, முத்திரையிட்ட ரசீது இல்லாமல் பணத்தைக் கையிலிருந்து விடாதீர்கள். மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒரு கல்வி அலுவலர் இருக்கிறார். மனு கொடுக்கப் போனால் முதலில் அவர்கள் கேட்பது ரசீதைத்தான்.

இனி, பணத்தை விடப் பெரிய விஷயம். முதல் நாள் வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒரு வாரமாவது அம்மாவோ அப்பத்தாவோ கூட உட்காரலாமா என்று கேட்டேன். “அப்படிப் பழக்கினால் கெட்டுப்போவார்கள்” என்றார்கள். அழுது அழுது அடங்கிப்போனாள். அடங்கியதைப் பழகிவிட்டாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சுக் கூடாது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதைக்கூட ஆங்கிலத்தில் சொன்னால்தான் அனுப்புவார்களாம். என் மகளுக்கு அது வரவில்லை. நனைந்த பாவாடையோடு ஆட்டோவில் வந்து இறங்குவாள். வீட்டில் நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் ஆடி மாதத்தில் திரும்ப வந்தது.

இடைவேளைக்கு ஒரு நாள் இடியாப்பமும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் கொடுத்தனுப்பினேன். எங்கள் வீட்டில் அவள் அழாமல் சாப்பிடும் பலகாரம் அது ஒன்றுதான். மற்ற பிள்ளைகளுக்கு வாடை பிடிக்கவில்லை என்று அவளை வராந்தாவில் தனியாக உட்கார வைத்துச் சாப்பிட வைத்திருக்கிறார்கள். டைரியில் ‘சைவ உணவு மட்டும்’ என்று ஒரு வரி. சரி, பள்ளியின் விதி என்று தோசைக்கு மாறினேன். அதன் பிறகும் அவள் பையிலும் சட்டையிலும் கருவாட்டு வாசம் அடிப்பதாக ஒரு குறிப்பு வந்தது. வீட்டு முற்றத்தில் கருவாடு காய்கிறது, அந்தக் கருவாடுதான் அவர்களுக்குக் கட்டணமாகப் போகிறது. துணியை எத்தனை முறை அலசினாலும் முற்றத்தை என்ன செய்வது? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. பெரியவர்களான நாங்கள் மீன் வாசத்துக்காகப் பேருந்தில் முகம் சுளிப்பவர்களை ஆயுள் முழுவதும் பார்த்துவிட்டோம். மூன்றரை வயதில் அதைக் கற்றுக்கொடுக்க மாதக் கட்டணமா?

நேரமும் ஒத்துவரவில்லை. எல்.கே.ஜி. பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். பாசி எடுப்பவர்களுக்குக் கடிகாரம் கடல்தான். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் விடியும் முன் படகேறினால் தீவுப் பக்கம் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி முங்கி எடுத்து, கரை திரும்பப் பிற்பகலாகிவிடும். அதற்குள் பிள்ளை வந்து இறங்கிவிடுவாள். பக்கத்து வீட்டு லாத்தாதான் எத்தனையோ நாள் அவளை வாங்கி வைத்துச் சோறு ஊட்டினார். அவரும் ஒரு நாள் கீழக்கரைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஆட்டோக்காரர் பிள்ளையைப் பூட்டிய வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து மாமியாரோ நானோ மாறி மாறிக் கரையில் நின்றோம். ஒருத்தி வருமானம் அப்படியே போயிற்று. பள்ளியைத் தேடும்போது பாடத்திட்டத்தைக் கேட்பதற்கு முன் எத்தனை மணிக்கு விடுவார்கள், மதியம் சாப்பாடு உண்டா, தூங்க வைப்பார்களா, வர நேரமானால் பிள்ளையை யார் வைத்திருப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தப் பதில்களே சொல்லிவிடும்.

ஆகஸ்டில் என்னை அழைத்து, “உங்கள் பெண் வாயே திறப்பதில்லை, படம் காட்டினால் பதில் இல்லை, பேச்சுக் குறைபாடு இருக்கலாம், காதையும் சோதித்துவிடுங்கள்” என்றார்கள். சோதனை முடியும்வரை தனிப் பயிற்சி வகுப்பு, அதற்கு மாதம் 500. அன்று இரவு நான் தூங்கவில்லை. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை அவள். ஆனால் படித்தவர்கள் சொல்லும்போது நம் கண்ணால் பார்த்ததையே நாம் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறோம். கணவரிடம் போனில் சொன்னால் நடுக்கடலில் கலங்கிப்போவார் என்று சொல்லவில்லை. மதுரைக்குத் தனியாகக் கூட்டிப்போனேன். தனியார் மருத்துவமனையில் செவித்திறன் சோதனை, மருத்துவர் கட்டணம், பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்தது, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,300 ஆயிற்று. காதில் குறையில்லை. பேச்சுப் பயிற்சியாளர் நல்ல பெண்மணி. அவர் காட்டிய பழங்கள், வண்டிகள் படங்களுக்கெல்லாம் இவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். நண்டு படம் வந்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள். வலையிலிருந்து நண்டை எப்படிப் பிரிப்பது, எந்தப் பக்கம் பிடித்தால் கடிக்காது, அப்பாவுக்கு எந்த விரலில் கடித்தது என்று பேசிக்கொண்டே போனாள். அவர் சிரித்துவிட்டு, “இவளுக்கு என்னிடம் வேலையில்லை. பள்ளியில் யாராவது இவளிடம் தமிழில் பேசிப் பார்த்தார்களா?” என்று கேட்டார்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சந்தேகம் சொன்னால் அலட்சியம் செய்துவிடாதீர்கள். உண்மையாகவே காது கேளாத, பேச்சு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் நிறையச் செய்யலாம். ஆனால் அதற்கு மதுரை தனியார் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. அரசின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து, பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றையும் பார்க்கும். தேவைப்பட்டால் மாவட்ட மருத்துவமனையில் இதற்கென்றே உள்ள பிரிவுக்கு அனுப்புவார்கள், காசு கிடையாது. தனியார் நர்சரியில் இருந்ததால் அந்தக் குழு என் மகளைப் பார்க்கவில்லை. பிள்ளை வீட்டில் பேசுவதை ஐந்து நிமிடம் செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வாயைத் திறக்காத பிள்ளைக்கு அதை விடச் சாட்சி வேறில்லை.

மதுரை அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அப்படியென்றால் வீட்டில் நீங்கள் ஆங்கிலம் பேச வேண்டும்” என்றார்கள். அத்துடன் அவளை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். சின்ன வயதுப் பிள்ளைக்குத் தாய்மொழியில் சொல்லிக்கொடுப்பதே நல்லது என்று 2022இல் வந்த மத்திய அரசின் அடிப்படைநிலைக் கலைத்திட்டமும் சொல்கிறது, யுனெஸ்கோ 1953லேயே சொல்லிவிட்டது. எங்கள் பேட்டை நர்சரிக்கு இன்னும் தபால் வந்து சேரவில்லை போலும்.

நிறுத்திய அடுத்த மாதம், அக்டோபரில், 25 விழுக்காடு ஒதுக்கீடு ஒருவழியாகத் தொடங்கியது. அந்த ஆண்டு ஏற்கெனவே எல்.கே.ஜி.யில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், கட்டிய கட்டணத்தைப் பள்ளி திருப்பித் தர வேண்டும் என்று அறிவிப்பு. என் மகள் அப்போது அந்தப் பள்ளியில் இல்லை. பணம் கட்ட வழியில்லாமல் பள்ளிப் பக்கமே போகாத ஏழைகளுக்கும் அந்த ஆண்டு ஒன்றும் இல்லை. கட்ட முடிந்தவர்களுக்குத்தான் இலவசம் என்றால் அது என்ன இலவசம்? செய்தியைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது. ஆனால் இன்னும் ஒரு மாதம் அவளை அங்கே விட்டு வைத்திருக்கலாமோ என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பிறகுதான் பால்வாடி. முதல் நாள் மாமியார்தான் கூட்டிப்போனார். டீச்சர் அவரையும் உள்ளே உட்காரச் சொல்லிவிட்டார். மாமியார் ஒரு வாரம் உட்கார்ந்தார், பிள்ளைகளுக்கு ஏலேலோ பாட்டெல்லாம் பாடியிருக்கிறார். மகள் அவர் மடியிலிருந்து இறங்கிப் பாயின் ஓரத்துக்கு, பிறகு நடுவுக்கு என்று தானாகவே நகர்ந்தாள். அங்கே இருந்த பிள்ளைகளைப் பார்த்தால் எங்கள் கரை முழுவதும் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தது தெரியும். மீனவப் பிள்ளைகள், மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட வந்து குடிசையில் தங்கியிருக்கும் குடும்பத்தின் இரட்டையர், மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து இந்தத் தெருவில் வாக்கப்பட்டு வந்த பெண்ணின் மகன். காலையில் ஓதப் போய்விட்டு வரும் பிள்ளை அரை மணி தாமதமாக வந்தால் டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை, முக்கியமான விளையாட்டை அதற்குப் பிறகே தொடங்குகிறார். யாழ்ப்பாணப் பேச்சில் அந்தப் பையன் ஏதாவது சொல்லி மற்றவர்கள் சிரித்தால், அவனையே கதை சொல்ல வைத்துவிடுகிறார். அரசு கொடுத்த ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ புத்தகத்தில் மாதத்துக்கொரு தலைப்பு இருக்கிறது. அதோடு கரையில் பொறுக்கிய சிப்பிகளை நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரிக்கச் சொல்லி எண் சொல்லிக்கொடுக்கிறார். எண்ணத் தெரியாது என்று நர்சரி டைரியில் எழுதப்பட்டவள் இங்கே சோழி எண்ணி மற்றவர்களை ஏய்க்கிறாள்.

மதியம் சூடான சோறு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, சாப்பாட்டுக்குப் பின் தூக்கம். பாசி முடித்துக் கரையேறி, குளித்துவிட்டே கூப்பிடப் போகிறேன். வாசத்துக்காக இல்லை, உப்பு அரிக்கும் என்பதற்காக.

பால்வாடியைப் பொன்னாக்கிக் காட்ட வரவில்லை. ஒரே டீச்சர், ஒரே உதவியாளர். பதிவேடுகளும் செல்போன் செயலியும் டீச்சரின் காலை நேரத்தைத் தின்றுவிடுகின்றன. எடை பார்க்கும் நாளில் பாடம் கிடையாது. மழைக்காலத்தில் கூரை ஒழுகியது, கழிப்பறையில் தண்ணீர் வராமல் பல நாள் போனது. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. சமைக்கும் உதவியாளர் எந்தச் சாதி என்று விசாரித்துவிட்டுப் பிள்ளையை அனுப்பாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. நர்சரியில் என் மகளை வராந்தாவில் உட்கார வைத்ததைக் கேட்டுக் கொதித்தவர்களில் ஒருத்தி அந்த வீட்டுக்காரி. டீச்சர் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு அம்மாக்களை அழைத்து எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பரிமாறுகிறார். வந்தவர்களில் சிலர் சாப்பிடுகிறார்கள், சிலர் வயிற்று வலி என்று எழுந்துவிடுகிறார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். டீச்சரிடம் குறை சொல்வதால் அவர்தான் திட்டு வாங்குவார். அம்மாக்கள் கையெழுத்துப் போட்ட மனுவைக் கிராம சபையில் கொடுத்துத் தீர்மானமாக எழுதச் சொன்னோம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை நாட்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. தீர்மான நகலோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். குழாய் வந்துவிட்டது, கூரை இன்னும் வரவில்லை. அங்கன்வாடியே இல்லாத குப்பமாக இருந்தால், 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து கேட்டால் மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பிள்ளைகளின் பெயர், வயதுப் பட்டியலோடு மனுவை எழுதுங்கள். பிழைக்க வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். கரிமூட்டக் குடும்பத்தார் தங்களுக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை, பால்வாடியில் சேர்க்க மாட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சொல்லித்தான் வந்தார்கள்.

நர்சரிக் கணக்கு இன்னும் முடியவில்லை. இரண்டாம் பருவக் கட்டணத்தையும் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவோம் என்கிறார்கள். பால்வாடிக்கு அது தேவையில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதும் அந்தச் சான்று இல்லை என்று காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கண்டித்திருக்கிறது. ஆனால் அரசுக் கல்வித் தளத்தில் பிள்ளைக்குக் கொடுத்த எமிஸ் எண் பழைய பள்ளியின் பெயரிலேயே கிடக்கும், அதை அவர்கள் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். பிள்ளையை நிறுத்தும் அன்றே இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் பின்னால்தான் எழுதிக் கொடுத்தேன், தபாலில், ஒப்புதல் அட்டையோடு. ‘நன்கொடை’ச் சீட்டின் நகலை இணைத்துக் கல்வி அலுவலருக்கும் ஒரு மனு போயிருக்கிறது. 8,000 திரும்ப வரும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை. அடுத்த ஏப்ரலில் இன்னொருத்தி அந்த மேசைக்கு முன் நிற்கும்போது முத்திரை போட்ட ரசீது கேட்டால் அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள், அது போதும்.